60% கீபோர்டில் சுவிட்ச் மாற்றுவது எப்படி?

முழு அளவு கீபோர்டில் 104 கீ. 60% கீபோர்டில் 61தான். எஃப் வரிசை, அம்புக்குறிகள், ஓரத்து எண்கள் எல்லாம் போய்விடும். தேவையானவற்றை எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தி வரவழைக்க வேண்டும். லாபம், மவுஸுக்குக் கிடைக்கும் இடம். அம்புக்குறி இல்லாமல் முடியாது என்பவர்கள் 65% எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கீயின் அடியிலும் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் பாகம்தான் சுவிட்ச். அதை வாங்கும் முன், உங்கள் போர்டு ஹாட்-ஸ்வாப்தானா (சுவிட்சைச் செருகிக் கழற்றும் சாக்கெட் உள்ளதா) என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) வேலை இல்லாமல் கழற்ற முடியாது. போர்டு 3-பின் (இரண்டு உலோகப் பின், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கால்) மட்டும் ஏற்கும் வகை, கையில் இருப்பதோ 5-பின் சுவிட்ச் என்றால், ஓரத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை நெயில் கட்டரால் ஒட்ட நறுக்கினால் போதும். ஒளியால் பதிவுசெய்யும் ஆப்டிகல் சுவிட்ச் மட்டும் மெக்கானிக்கல் சாக்கெட்டில் வேலை செய்யவே செய்யாது.

எது வாங்கலாம்? செர்ரி எம்எக்ஸ் ரெட் 2 மி.மீ. இறங்கியதும் பதிவாகும், ஸ்பீட் சில்வர் 1.2 மி.மீ.யிலேயே. வேகம் என்று சில்வரை எடுத்தால், கீயின் மேல் விரல் சற்று அழுந்தினாலே எழுத்து விழும். முதல் தடவைக்கு ரெட் வகைதான் நல்லது.

1. யூஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். கீ வரிசையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கீகேப்களை (எழுத்து உள்ள மூடிகளை) எடுங்கள். இதற்குக் கம்பி வைத்த கீகேப் புல்லரே வாங்குங்கள். பிளாஸ்டிக் வளையம் கீகேப்பின் ஓரத்தைக் கீறிவிடும்.

2. சுவிட்சில் எண் வரிசையைப் பார்த்த பக்கமும் ஸ்பேஸ்பாரைப் பார்த்த பக்கமும் சின்னக் கொக்கி இருக்கும். சுவிட்ச் புல்லரால் அந்த இரண்டையும் உள்ளே அமுக்கி நேராகத் தூக்குங்கள். இடம் வலமாகப் பிடித்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது.

3. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான், அவசரமே வேண்டாம். புது சுவிட்சைத் திருப்பி இரண்டு உலோகப் பின்களையும் பாருங்கள். சாய்ந்திருந்தால் ட்வீசரால் நிமிர்த்துங்கள். பின்கள் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, கட்டைவிரலால் செங்குத்தாக அழுத்துங்கள். சாய்த்து நுழைக்கக் கூடாது. முட்டினால் பலம் போடாமல் வெளியே எடுங்கள். பலம் போட்டால் பின் ஸ்டேப்ளர் முள் போல மடங்கி சுவிட்சின் அடியில் படுத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் சுவிட்ச் சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். கீ மட்டும் வேலை செய்யாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: சாக்கெட் பிசிபியின் (சர்க்யூட் பலகையின்) அடியில் சால்டரில்தான் ஒட்டியிருக்கிறது, பலமாக அழுத்தினால் பெயர்ந்துவிடும். கேஸைத் திறக்க முடிந்தால் அடியில் ஒரு விரலைத் தாங்கலாக வையுங்கள்.

4. கீகேப் போடும் முன்பே கேபிளைச் செருகி எல்லா கீயையும் சோதியுங்கள். ஒன்று வேலை செய்யவில்லையா? சுவிட்சை எடுத்துப் பின்னைப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அதுதான். பின் நேராக இருந்தால், கேபிள் செருகியபடியே அந்த சாக்கெட்டின் இரண்டு உலோகத் தொடர்பையும் ட்வீசர் முனையால் இணையுங்கள். எழுத்து வந்தால் போர்டு நலம், சுவிட்சை மாற்றுங்கள். வராவிட்டால் சாக்கெட் பெயர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சால்டர் செய்ய வேண்டியிருக்கும்.

5. பேக்ஸ்பேஸ், என்டர், இரண்டு ஷிஃப்ட், ஸ்பேஸ்பார் ஆகிய ஐந்தின் அடியிலும் ஸ்டெபிலைசர் (நீளக் கீ சாயாமல் இறங்கச் செய்யும் கம்பி அமைப்பு) உண்டு. கடகடவென்று சத்தம் வந்தால் கம்பியின் இரு முனைகளிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள். அதிகமானால் கீ மந்தமாக எழும்பும்.

பின்சேர்க்கை: புது கீகேப் போட்டபின் ஏ, எஸ், டி வரிசை மட்டும் முழுசாக இறங்காமல் முட்டினால், சுவிட்சில் கோளாறில்லை. எல்இடி எண் வரிசைப் பக்கம் பார்த்திருக்கும் போர்டில் செர்ரி புரொஃபைல் (வடிவ வகை) கீகேப் சுவிட்சின் மேல்மூடியில் இடிக்கும். ஓஈஎம் புரொஃபைல் கீகேப் சற்று உயரம். அதைப் போட்டால் இடிக்காது.