பிரசங்கம் செய்யாமல் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எப்படி?

பத்து வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தும், தான் கிறிஸ்தவர் என்பதே பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அடையாறில் பஸ் ஏறி, திருவான்மியூர் வருவதற்குள் பரலோகம், நரகம் இரண்டையும் பக்கத்து இருக்கைக்காரருக்குக் காட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குறிப்பு முதல் வகையினருக்கு. இரண்டாம் வகையினர் படித்தாலும் நஷ்டமில்லை.

படி 1: திங்கட்கிழமைக் கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள்

"நேற்று என்ன செய்தீர்கள்?" என்று டீ குடிக்கும்போது யாராவது கேட்பார்கள். காலை ஆராதனைக்குப் போய், பாடகர் குழுவில் பாடி, அசனம் சாப்பிட்டுவிட்டு வந்தவர், "சும்மா வீட்டில்தான் இருந்தேன்" என்பார். இதற்கு அடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் வெறும் கூச்சம். "சர்ச்சுக்குப் போனோம், அசனம் இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். அசனம் என்றால் என்ன என்று அவரே கேட்பார். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் ஐக்கிய விருந்து, ஆட்டுக்கறிக் குழம்பு என்று சொன்னால் போதும். முதல் நாளுக்கு அவ்வளவுதான் பாடம்.

படி 2: உங்கள் கதையை மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள்

யோவான் 9-ஆம் அதிகாரத்தில், இயேசுவால் பார்வை பெற்றவனைப் பரிசேயர் என்ற யூத மதக் குழுவினர் மடக்கி மடக்கிக் கேட்கிறார்கள். அவன் வேதவிளக்கம் எதற்கும் போகவில்லை. குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், எனக்குத் தெரிந்தது இதுதான் என்கிறான். அந்த அளவு போதும்.

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். "கர்த்தர் என் பாரங்களை நீக்கி மகிமையாய் நடத்தினார்" என்பது ஜெபக்கூட்டத்தில் பழகிப்போன நடை. கூட்டத்துக்கு வெளியே அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. நடந்தது என்ன? "அப்பா ஐசியூவில் இருந்தபோது இரவெல்லாம் தூக்கம் இல்லை. 121-ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை, ஆனால் தனியாக இருப்பதாகத் தோன்றவில்லை." இப்படி எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் அக்காவிடம் போனில் சொல்வதுபோல் இருந்தால் சரி. மேடையில் சொல்வதுபோல் இருந்தால் திருத்துங்கள்.

படி 3: கேட்ட அளவுக்கே பதில்

லெந்து என்ற தவக்கால நாட்களில் நீங்கள் கறியை ஒதுக்குவதைப் பார்த்து ஏன் என்று கேட்பார்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை 46 நாள், ஞாயிறுகளைக் கழித்தால் 40. இயேசு வனாந்தரத்தில் உபவாசம் இருந்த நாட்களை நினைத்து இருக்கிறோம் என்று சொல்லுங்கள். நீங்கள் கத்தோலிக்கராக இருந்து, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர் என்றால், ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் திருவிழா என்று ஆரம்பிக்கலாம். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. மீதிக்கு அவர் திரும்பி வரட்டும்.

படி 4: ஆயுத பூஜைப் பொரியும் பக்கத்து வீட்டுக் கொழுக்கட்டையும்

நம் ஊரில் ஆரம்பநிலையாளர் தடுமாறும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. கொரிந்து நகரத்துச் சபைக்கும் இதே பிரச்சினை இருந்தது. ஒருவர் விருந்துக்கு அழைத்தால் ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவருடைய மனசாட்சியை நினைத்துத் தவிர்த்துவிடுங்கள் என்று அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 10). நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தட்டு முன்னால் வந்தபிறகு யோசிக்கத் தொடங்கினால் வாயில் பொய்தான் வரும்.

"வயிறு சரியில்லை" என்பது அந்தப் பொய். "அதெல்லாம் பிசாசுக்குப் படைத்தது" என்பது அவமதிப்பு, அதைவிட மோசம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஞாபகமாகக் கொண்டுவந்தீர்களே அக்கா, ரொம்ப சந்தோஷம். படைத்ததை நான் சாப்பிடுவதில்லை, என் நம்பிக்கை அப்படி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படைக்காத சுண்டல் இருந்தால் இரண்டு கை நிறையக் கொடுங்கள்." பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். சாப்பிடுகிறவர் என்றால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். கூடவே விளக்கவுரை வேண்டாம். எந்தப் பக்கமாக இருந்தாலும் பூஜைக்கு முந்தின நாள் இயந்திரங்களைத் துடைக்கும் வேலையில் நழுவாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கேக் கொண்டுபோகும்போது அவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பார்கள்.

படி 5: "ஜெபம் செய்கிறேன்" என்றால் செய்யுங்கள்

நோயாளியின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து, "அம்மாவுக்கு ஆபரேஷன் எப்படி நடந்தது?" என்று விசாரியுங்கள். விசாரிக்காதவர் ஜெபித்தார் என்று யாரும் நம்பப்போவதில்லை.

படி 6: வாய் மூடவேண்டிய இடங்கள்

உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், உங்களிடம் படிக்கிற மாணவர், உங்கள் கையெழுத்தில் சம்பளம் வாங்குகிறவர், கட்டிலில் கிடக்கும் நோயாளி: இவர்களால் "போதும், நிறுத்துங்கள்" என்று உங்களிடம் சொல்ல முடியாது. அவர்களாகக் கேட்டாலொழிய பேச வேண்டாம். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், சாவு வீட்டில் துண்டுப்பிரசுரம் நீட்டுவது மரியாதையா?

படி 7: சங்கடமான கேள்வி வந்தால்

கட்டாயம் வரும். "கிறிஸ்தவத்தில் ஜாதி இல்லை என்கிறீர்கள், கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரித்து வைத்திருக்கிறீர்களே?" இதற்கு மழுப்பினால் முதல் ஆறு படிகளும் வீண். "ஆமாம், இருக்கிறது, அது தவறு" என்று ஒப்புக்கொள்ளுங்கள். விவரம் கேட்டால் சொல்லலாம்: கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே சபைகளில் ஜாதி வேறுபாட்டை ஒழிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார், தஞ்சாவூர்ச் சபையில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. "அப்படியும் ஏன் போகிறீர்கள்?" என்று அடுத்து கேட்பார். இரண்டாம் படியில் எழுதிய மூன்று வாக்கியங்களை அப்போது சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டு வந்து சொல்லுங்கள். அவர் அதற்குள் கிரிக்கெட்டுக்குத் தாவியிருந்தால் நீங்களும் தாவிவிடலாம்.