தொட்டால் மணக்கும் செடிகள்: ஜெரேனியம் முதல் மரிக்கொழுந்து வரை

நர்சரியில் வாசனை ஜெரேனியம் வாங்கும்போது பூவைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசலில் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்குமே, அது வேறு ரகம், அதன் இலையைக் கசக்கினால் காட்டமான ஒரு பச்சை வாடைதான் வரும். நாம் தேடுவது ரோஜா ஜெரேனியம். அதன் பூ சின்னது, வெளிறிய இளஞ்சிவப்பு, பூவுக்காக யாரும் அதை வாங்க மாட்டார்கள். இலைதான் சங்கதி.

அந்த இலையை வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் மேலெல்லாம் பொடி ரோமம் தெரியும். அதில் சில ரோமங்களின் நுனியில் துளி எண்ணெய் அடைந்து கிடக்கிறது, விரல் பட்டதும் அது உடைந்து வாசனை வெளியே வருகிறது. ரோஜா எண்ணெயில் இருக்கிற ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்ற அதே மணப்பொருட்கள் இதிலும் இருப்பதால்தான் ரோஜா மணம். இதிலிருந்து ஒரு விஷயம் புரிந்துகொள்ளலாம்: இந்தச் செடியை எட்டாத மூலையில் வைத்துவிட்டு வாசனையே வரவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. படிக்கட்டு ஓரம், துணி காயப்போடப் போகும் வழி, சமையலறை ஜன்னல் திட்டு என்று தினமும் கையோ புடவையோ உரசும் இடத்தில் வையுங்கள்.

‘கொசு விரட்டிச் செடி’ என்று எழுதி விற்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துச் செடிதான், எலுமிச்சை வாசம் அடிக்கும். வாங்குங்கள், அருமையான செடி. ஆனால் தொட்டியில் சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டாது, ஆராய்ச்சியிலும் அப்படித்தான் தெரிய வந்திருக்கிறது. கொசுவுக்கு வலை போடுங்கள். செடியை வாசனைக்காக வளருங்கள்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். இந்தச் செடியின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. நம் பக்கம் ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி மலைகளில் எண்ணெய்க்காகவே வயலில் பயிரிட்டிருக்கிறார்கள், ஒரு டன் தழையைக் காய்ச்சினால் சுமார் ஒரு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். மலையிலும் ஓசூர், பெங்களூரு மாதிரி இடங்களிலும் இதற்குப் பெரிய கவனிப்பே வேண்டாம். சென்னை, மதுரை, திருச்சி என்று சமவெளியில் இருப்பவர்கள்தான் இரண்டு காலங்களைக் கடக்க வேண்டும்: மே மாத வெயில், ஐப்பசி அடைமழை. இந்த இரண்டில் மழைதான் மோசம் என்பேன். வெயிலில் வாடிய செடியை நிழலுக்கு மாற்றித் தண்ணீர் ஊற்றினால் பல நேரம் மீண்டுவிடும். வேர் அழுகிய செடி மீளாது, அடித்தண்டு கறுத்து நொதநொதவென்று ஆகிவிட்டால் அந்தச் செடியை விட்டுவிட்டு, மேலே பச்சையாக இருக்கிற கிளையை உடனே வெட்டிப் புதிதாக நடுவதுதான் வழி.

ஆக, தண்ணீர் வடிவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டி நல்லது, எட்டு அல்லது பத்து அங்குலம் போதும், பெரிய தொட்டியில் சின்னச் செடியை வைத்தால் மண் காயவே காயாது. செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. கோகோபீட்டை எல்லாத் தொட்டிக்கும் அள்ளிப் போடும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது, கீரைக்கும் தக்காளிக்கும் சரி, இதற்கு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தினமும் காலையில் கடமைக்கு ஒரு சொம்பு ஊற்றுவது வேண்டவே வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

உரத்திலும் இதே கதைதான். அதிகமாகப் போட்டால் செடி தளதளவென்று வளரும், இலை பெரிதாகும், வாசனை மட்டும் இருக்காது. வாசனைச் செடி எதையும் கொஞ்சம் பசியோடு வைத்திருப்பதுதான் முறை, இரண்டு மாதத்துக்கு ஒரு பிடி மண்புழு உரம் தாராளம். வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் காலை வெயில் படும் கிழக்குப் பக்கமாக மாற்றி, மதியத்துக்கு மேல் நிழல் விழும்படி பாருங்கள். அக்டோபரில் மழை பிடித்ததும் தொட்டியைத் தாழ்வாரத்துக்கோ பால்கனிக்குள்ளோ இழுத்துவிட வேண்டும்.

சமவெளியில் புதுச்செடி வாங்க மார்கழி, தைதான் தோதான காலம். குச்சி நடுவதற்கும் அதுவே. பூ இல்லாத, முற்றியும் முற்றாத கிளையாகப் பார்த்து நாலைந்து அங்குல நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். நுனியில் இரண்டு மூன்று இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அப்புறம் பலரும் செய்யாத ஒன்று: வெட்டிய உடனே நடாமல் நிழலில் சில மணி நேரம் கிடத்தி வையுங்கள், வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டியதும் நட்டால் அழுகல் குறையும். மணல் பாதி, மண் பாதி கலந்த சின்னத் தொட்டியில் இரண்டு கணு புதையும்படி நட்டு, ஒரு முறை நனைத்து, நிழலில் வைத்துவிடுங்கள். ரோஜாக் குச்சிக்குச் செய்வது மாதிரி பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூட வேண்டாம், ரோமம் உள்ள இலை புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். குச்சியை ஆட்டிப் பார்க்காமல் நுனியில் புது இலை வருகிறதா என்று பாருங்கள். எப்போதும் தாய்ச்செடி ஒன்று, மாற்றாக இரண்டு கன்று என்று வைத்திருந்தால் எந்த மழைக்கும் பயப்பட வேண்டியதில்லை.

நுனி கிள்ள யோசிக்காதீர்கள். கிள்ளாவிட்டால் ஒரே தண்டாக உயர்ந்து, அடி மொட்டையாகி, காற்றில் சாய்ந்துவிடும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் இரண்டு மூன்று கிளை வரும், அதையும் கிள்ளுங்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைத் துளி சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். நாய், பூனை இருக்கும் வீட்டில் அவை கடித்துத் தின்னாத உயரத்தில் வையுங்கள், அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜெரேனியத்தோடு சேர்த்து வைக்க நம்மூர்ச் செடிகளே ஏராளம். ஆனால் தண்ணீர்த் தேவையைப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். ரோஸ்மேரியும் கற்பூரவல்லியும் ஜெரேனியம் பக்கம், காய்ச்சல் பாய்ச்சலாக, அதாவது மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். இப்போது தலைமுடிக்கு என்று எல்லாரும் ரோஸ்மேரி வாங்குகிறார்கள், அதற்கும் இதே மண் கலவைதான், இன்னும் ஒரு கை மணல் கூட. புதினா, எலுமிச்சைப்புல், ரம்பை மூன்றும் மறுபக்கம், இவற்றுக்கு ஈரம் வேண்டும். புதினாவைத் தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும், அதன் தண்டு ஓடிப் போய்ப் பக்கத்துச் செடியை அமுக்கிவிடும்.

கற்பூரவல்லிக்குச் சொல்லித் தர ஒன்றுமில்லை, உடைத்து ஊன்றினால் வரும். இருமலுக்கு மட்டும் வைத்திருக்காமல் பஜ்ஜி போட்டுப் பாருங்கள், கழுவித் துடைத்த முழு இலையைக் கடலை மாவில் தோய்த்துப் போட்டால் அந்தக் காட்டம் தணிந்து ஓம வாசம் மட்டும் நிற்கும்.

திருநீற்றுப்பச்சிலை என்னுடைய செல்லம். விதை போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பூங்கதிர் எட்டிப் பார்த்ததும் கிள்ளிக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் தழை எடுக்கலாம். கடைசியில் இரண்டு கதிரை மட்டும் முற்ற விடுங்கள், காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால் கறுப்பு விதை நிற்கும். கடையில் சப்ஜா என்று விற்பது அதுதான், பாலில் போட்டுக் குடிக்கவும் ஆகும், அடுத்த நடவுக்கும் ஆகும்.

மரிக்கொழுந்தும் மருவும் பூக்கடையில் அடுத்தடுத்து இருக்கும், இரண்டும் வேறு. சாம்பல் பூத்த, பிளவுபட்ட மெல்லிய இலை மரிக்கொழுந்து. சின்ன வட்ட இலை மரு. மரு பல ஆண்டு நிற்கும் செடி, வேரோடு சிறு கொத்து கிடைத்தால் பிரித்து நடலாம். மரிக்கொழுந்து அப்படி அல்ல, ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். விதை பழையதானால் முளைக்காது, தூள் மாதிரி இருக்கும், மணலோடு கலந்து மேலாகத் தூவி, பூவாளியால் மெதுவாக நனைக்க வேண்டும். மழை ஓய்ந்து வரும் கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் மாசி வாக்கில் பூக்கும், அப்போதுதான் அதன் மணம் உச்சத்தில் இருக்கும்.

இடம் இருந்தால் வெட்டிவேரும் வையுங்கள். கடலூர்ப் பக்கம் கடற்கரை மணலில் பயிரிடுகிறார்கள், மாடியில் உயரமான சாக்கில் மணல் அதிகம் போட்டு நட்டால் ஓராண்டுக்கு மேல் விட்டு, சாக்கைக் கிழித்து வேரை அலசி எடுத்துக்கொள்ளலாம். தோண்டிச் சிரமப்பட வேண்டியதில்லை. காய்ந்த வேரைக் குடிதண்ணீர்ப் பானையில் போடுங்கள்.

இனி ஜெரேனியம் இலையை என்ன செய்வது? நர்சரியில் இருந்து வந்த இலையைச் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். வீட்டில் புதிதாகத் தழைத்த இலையை எடுங்கள். சமையலுக்கு ரோஜா, எலுமிச்சை வாச ரகங்கள் போதும். காலையில் பனி உலர்ந்த பிறகு ஏழெட்டு இலையைப் பறித்துக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். கால் கிலோ சர்க்கரையில் அடுக்கடுக்காக வைத்து பாட்டிலை இறுக மூடி, நடுநடுவே குலுக்கி விடுங்கள். இரண்டு வாரத்தில் சர்க்கரை முழுக்க வாசம் ஏறிவிடும், இலையை எடுத்துவிட்டுப் பால் பாயசத்துக்கோ ரவா கேசரிக்கோ போடலாம். ஏலக்காயை அன்றைக்கு விட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் எதன் மணமும் தெரியாது. டீயில் போடுவதானால் ஒரு இலை போதும், அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூட வேண்டும், கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும்.

கிள்ளி எடுத்த நுனிகளை வீணாக்காமல் நிழலில் உலர்த்தி, மரிக்கொழுந்தோடும் வெட்டிவேரோடும் மல் துணியில் முடிந்து பட்டுப்புடவை இருக்கும் பீரோவில் வையுங்கள், வாசம் குறையும்போது பையை ஒரு முறை கசக்கிவிட்டால் போதும். கதம்பம் கட்டத் தெரிந்தவர்கள் மருவுக்குப் பதிலாக இந்த இலையை வைத்துப் பார்க்கலாம். காம்பு நீளமாக இருப்பதால் நாரில் நன்றாக முடிச்சு விழும். பெரிய இலையைத் தவிர்த்து நுனி இலையாக எடுத்து, நாலு மல்லிக்கு ஒரு இலை என்று வைத்துக் கட்டுங்கள், அதற்கு மேல் போனால் மல்லி வாசமே எழாது.