லேப்டாப் காட்டும் நேரமும் கச்சேரி நேரமும்: மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ரத்தினகிரி ஆடிக் கிருத்திகை, காட்பாடிப் பக்கத்துக் கல்யாண வரவேற்பு என்று எந்த மேடையாக இருந்தாலும், கீபோர்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு லேப்டாப் இருக்கிறது. முன்பே பதிந்த பின்னணி இசையான டிராக் ஓடுவது அதில்தான், ரெக்கார்டிங் ஆவதும் அதில்தான். விழாக் கமிட்டிக்காரர் மேடையோரம் வந்து "இன்னும் எவ்ளோ நேரம்ணா ஆவும்?" என்று கேட்டால், ஆபரேட்டர் எட்டிப் பார்ப்பதும் அந்தத் திரையைத்தான்.

கோளாறு அங்கேதான் ஆரம்பம். திரையில் ஓடும் எண், பாட்டு ஓட ஓட நகரும் கோடு பாட்டுக்குள் எங்கே நிற்கிறது என்று மட்டுமே சொல்லும். கச்சேரி தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பது அதற்குத் தெரியாது.

முதல் தவறு, பார் கணக்கை நேரமாக எண்ணுவது. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் மேலே காட்டும் இடம் பார் (தாளத்தின் ஒரு சுற்று), பீட் (ஒரு தட்டு) கணக்கில்தான் வரும். 4/4 தாளம், டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை பீட்) 96 என்றால் ஒரு பார் இரண்டரை வினாடி. திரையில் 97.1.1 (97-ஆவது பாரின் தொடக்கம்) என்று இருந்தால் 96 பார் முடிந்து சரியாக 4 நிமிடம் ஆகியிருக்கிறது. எண்ணிக்கை 1-லிருந்து தொடங்குவதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். டெம்போ 120 ஆக இருந்தால் அதே எண்ணுக்கு 3 நிமிடம் 12 வினாடிதான். நடுவில் டெம்போ மாறும் பாட்டு என்றால் இந்த மனக்கணக்கும் போச்சு. பாடிக்கொண்டே யார் வகுத்துப் பார்ப்பது? இதேபோன்ற இன்னொரு மென்பொருளான எஃப்எல் ஸ்டூடியோவில் நேரம் காட்டும் கட்டத்தைச் சொடுக்கினால் நிமிடம், வினாடிக்கு மாறும். ரீப்பர் மென்பொருளில், பிளே, ஸ்டாப் பொத்தான்கள் இருக்கும் டிரான்ஸ்போர்ட் பட்டியில் வலது சொடுக்கித் தேர்ந்தெடுத்தால் போதும். அதிலேயே பிக் கிளாக் என்று தனி ஜன்னலும் உண்டு. இழுத்துப் பெரிதாக்கி வைத்தால் டிரம்ஸ் இடத்திலிருந்தே தெரியும். லாஜிக் மென்பொருளில் மட்டும் ஒரு குழப்பம் வரலாம். எஸ்எம்பிடிஇ நேரத்தில் (வீடியோவுக்கான மணி:நிமிடம்:வினாடி:ஃபிரேம் கணக்கு) பாட்டின் ஆரம்பமே இயல்பாக 01:00:00:00 என்று இருக்கும். அதைப் பார்த்து ஒரு மணி நேரம் ஓடிவிட்டது என்று பதறக் கூடாது.

நிமிடத்துக்கு மாற்றினாலும் வேலை பாதிதான் முடிந்தது. கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கிறது, இடையிசையை லூப்பில் போடுகிறீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கோடு பின்னால் போகும், எண்ணும் கூடவே போகும். ஏழு நிமிடம் ஆடித் தீர்த்த பாட்டுக்குத் திரை மூன்று நிமிடம் என்று காட்டும். அடுத்த பாட்டைத் திறந்தால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

ஒத்திகையில் போடும் கூட்டலும் இதே மாதிரிதான். இருபது பாட்டு, பாட்டுக்கு நாலரை நிமிடம், ஆக 90 நிமிடம் என்று எழுதிவைப்பார்கள். பாட்டுக்கு நடுவே இருக்கும் 19 இடைவெளிக்கு இரண்டு இரண்டு நிமிடம் வைத்தாலே இன்னும் 38 நிமிடம் கூடும். நன்கொடையாளர் பெயர் வாசிப்பும் பொன்னாடையும் தனி.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஒலிமாசு விதிகள் (2000) இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியை அனுமதிப்பதில்லை. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். உங்கள் கச்சேரி நாள் அதில் வருகிறதா என்று கமிட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. போலீஸ்காரர் பார்ப்பது கைக்கடிகாரத்தை. ஆகவே லேப்டாப்பை நம்பாமல், ஃபிளைட் மோடில் போட்ட ஒரு பழைய போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு ஸ்டாண்டில் செருகுங்கள். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் மணியைப் பாட்டு லிஸ்ட்டில் பேனாவால் குறித்தால் இன்னும் மேல். எனக்குத் தெரிந்து அதைவிட நம்பகமான முறை கிடையாது.

ரெக்கார்டிங்கில் வரும் தவறுகள் வேறு ரகம். 48 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து பதிவது), 24 பிட் (ஒவ்வொரு அளவின் நுணுக்கம்) ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. பதினாறு சேனலைத் தனித்தனியாக எடுத்தால் 8 ஜிபிக்கு மேல். ஆடாசிட்டி மென்பொருள் பதிவின்போது இன்னும் எவ்வளவு நேரத்துக்கு இடம் இருக்கிறது என்று கீழே காட்டும். கியூபேஸிலும் அப்படி ஒரு கட்டம் உண்டு. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதும் மறக்கக் கூடாதது. மேலே சொன்ன ஸ்டீரியோ அளவில் நாலு மணி எட்டு நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். இரவு முழுக்க நடக்கும் தெருக்கூத்தைப் பதிய நினைப்பவர்கள் 4 ஜிபிக்கு மேலும் போகும் ஆர்எஃப்64 கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது நடுவே நிறுத்திப் புதுக் கோப்பு தொடங்க வேண்டும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த அரை நிமிடத்தில், லேப்டாப் பேட்டரியில் உயிரோடு இருக்கும். மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அடாப்டரில் ஓடினால் அணைந்துவிடும். பதிவு இரண்டு துண்டாகும். பிறகு இரண்டையும் ஒட்டிவைத்தால் மொத்த நேரம் குறைவாக வரும், வீடியோவோடு பொருந்தாது. யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வீடியோக்காரர் கேமராவில் 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்திருப்பார், நம் புராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். மாற்றாமல் அப்படியே போட்டு ஓட்டினால் ஒரு மணி நேரச் சத்தம் 65 நிமிடம் 18 வினாடிக்கு இழுபடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் (அரைச்சுரம் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி) இறங்கும். இது காதுக்கே தெரிந்துவிடும். தெரியாமல் படுத்துவது இரண்டு கருவிகளின் கடிகார வேறுபாடுதான். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட மணிக்கு 0.18 வினாடி விலகும். முதல் பாட்டில் ஒட்டி நிற்கும் உதடும் குரலும் கடைசிப் பாட்டில் பிரிந்து போவது இதனால்தான். கச்சேரியின் முதலில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல், இரண்டும் கேமராவிலும் மைக்கிலும் பதிவாகட்டும். எடிட்டிங்கில் அந்த இரண்டு புள்ளிகளையும் பொருத்தி நடுவே உள்ளதை மிகச் சிறிய அளவில் நீட்டியோ சுருக்கியோ சரிசெய்துவிடலாம்.