மெட்டி மணியாகாமல் இருக்க: சின்ன கேஸ் டார்ச் வாங்குவதும் பிடிப்பதும்

முதன்முதலாக டார்ச் பிடித்த அன்றே ஒரு வெள்ளி மெட்டியை உருக்கிவிட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி, மதியம் இரண்டு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். வெயிலில் தீயே கண்ணுக்குத் தெரியவில்லை, வெள்ளி சிவக்கிறதா இல்லையா என்பதும் தெரியவில்லை. முனைகளைப் பற்றவைக்கிற உலோகமான பொடி உருகி ஓடவில்லையே என்று இணைப்பு இருந்த இடத்திலேயே தீயை வைத்து அழுத்தினேன். ஒரு நொடிதான், வளையமாக இருந்தது சுருண்டு உருண்டையாகி, பளபளவென்று ஒரு மணியாக உட்கார்ந்துவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும், நகை செய்கிற பத்தர் தாத்தாவிடம் போனேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பொடியைச் சுட்டியாம்மா, மெட்டியைச் சுட்டியா?" என்றார். பொடியைத்தான் என்றேன். "மெட்டியைச் சுடு. பொடி தானா ஓடும்." அவ்வளவுதான் சொன்னார், திரும்பிக்கொண்டார். டார்ச் வாங்குவதும் சரி, பிடிப்பதும் சரி, எல்லாமே இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. ('பொடி வைத்து ஊதுகிறான்' என்று நாம் வேறு அர்த்தத்தில் சொல்வது பத்தர்களுக்கு அன்றாட வேலை.)

சரி, எந்த டார்ச் வாங்குவது? கடைக்குப் போனால் அட்டையில் 1300 டிகிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சின்ன டார்ச்சோ பெரிய டார்ச்சோ, உள்ளே நிரப்புகிற பியூட்டேன் கேஸ் தீயின் சூடு கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும். தீக்குச்சித் தீயும்தான் நன்றாகச் சுடும், அதை வைத்து ஒரு பானை உலை கொதிக்க வைக்க முடியுமா? எவ்வளவு பெரிய தீ, நொடிக்கு எவ்வளவு சூட்டைக் கொட்டுகிறது என்பதுதான் கணக்கு. வெள்ளி வேறு சூட்டை ஒரு இடத்தில் நிற்க விடாமல் உடம்பெல்லாம் பரப்பிவிடும், உலோகங்களிலேயே அதில் முதலிடம் அதற்குத்தான். அதனால் பேனா மாதிரி மெல்லிசாக வரும் டார்ச் காதணிக் கொக்கி, சங்கிலிக் கண்ணி இவற்றுக்கு மட்டும்தான் சரிப்படும். மோதிரம், மெட்டி, சின்ன டாலர் செய்ய நினைத்தால், அடிப்பாகம் அகலமாக, மேசையில் தானாக நிற்கிற கை டார்ச் வாங்குங்கள். புதுச்சேரி ஒயிட் டவுன் கஃபேக்களில் க்ரெம் ப்ரூலே என்கிற இனிப்பின் மேல் சர்க்கரையைக் கருக்க வைத்திருப்பார்களே, அந்த ஜாதிதான், பேக்கரிச் சாமான் விற்கிற கடையிலேயே கிடைக்கும். நகைக்கென்று தனியாகப் பெயர் போட்டு விலை ஏற்றியதை வாங்க வேண்டியதில்லை.

கேஸ் டப்பா மேலேயே மாட்டுகிற டார்ச் தலை ஒன்றும் விற்கிறது. விலை குறைவு, தீயும் பெரிசு. ஆனால் சாய்த்துப் பிடித்தால் கேஸ் திரவமாகவே வாய்க்கு வந்து குப்பென்று மஞ்சளாக ஒரு நாக்கு நீளும். கை பழகாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கடையில் பார்க்க வேண்டியது நான்கைந்துதான். தீயின் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு வழுக்காமல் மெதுவாகத் திரும்ப வேண்டும். காற்றுத் துளையைத் திறந்து மூட ஒரு வளையம் இருக்க வேண்டும், இது இல்லாவிட்டால் தீயின் குணத்தை மாற்றவே முடியாது. பற்றவைத்த பிறகு விரலை எடுத்தாலும் எரிகிற மாதிரி ஒரு லாக், குழந்தை அழுத்தினால் எரியாத மாதிரி இன்னொரு லாக். அப்புறம், தானாகப் பற்றுகிற அந்த 'டிக் டிக்' பொத்தானை நம்பி வாங்காதீர்கள். கடலூர் உப்புக்காற்றில் என்னுடையது ஒரே மழைக்காலத்தில் செத்துவிட்டது. இப்போது லைட்டரால்தான் பற்றவைக்கிறேன், டார்ச் நன்றாகத்தான் இருக்கிறது.

கேஸ் நிரப்புவதில்தான் நிறைய பேர் அசட்டையாக இருக்கிறார்கள். பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து நிற்கும். சாமி விளக்கு, கொசுவத்தி, அடுப்பு எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. டார்ச் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதலில் நிரப்பும் வாயைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் கேஸ் பாதிதான் ஏறும். பிறகு டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்து, டப்பாவையும் தலைகீழாக நேர்குத்தாக வைத்து அழுத்துங்கள். சாய்ந்தால் பக்கவாட்டில் பீறிடும், கையில் பட்டால் தீப்பட்ட மாதிரியே பொத்துவிடும், ஆனால் அது குளிர். கத்திரி வெயில் நாட்களில் டார்ச்சே சூடாக இருப்பதால் கேஸ் உள்ளே போக மறுக்கும். டார்ச் அடிப்பாகத்தில் ஈரத்துணியை ஐந்து நிமிடம் சுற்றி வைத்தால் போதும். நிரப்பியதும் உடனே பற்றவைக்காதீர்கள், வழிந்த கேஸ் கலைய ஐந்து நிமிடம் விடுங்கள். மிச்ச டப்பாவை வண்டி டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்துவது தற்கொலை.

வீட்டு சிலிண்டரில் குழாய் இழுத்து டார்ச் மாட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சமையலுக்குக் கொடுத்த 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தப்பு. அதை விடுங்கள், சமையலறைக் குழாயும் ரெகுலேட்டரும் இதற்குச் செய்ததல்ல.

உட்காருகிற இடம். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிவிடும், தீ ஆடும், சூடு எங்கே போகிறதென்றே தெரியாது. நான் காலையில்தான் செய்வேன். அறைக்குள், ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து, நேர் வெயில் விழாமல் ஒரு துணி தொங்கவிட்டு. கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் வெள்ளியின் நிறம் தெரியும். சிமெண்ட் தரை மேலேயோ கிரானைட் மேலேயோ வைத்துச் சுடாதீர்கள், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி சில்லு தெறிக்கும். அடியில் டைல்ஸ், அதன்மேல் தீச்செங்கல், அதன்மேல் ஒரு கரிக்கட்டை. பக்கத்தில் தண்ணீர். பருத்தி உடை மட்டும், நைலான் துப்பட்டா வேண்டாம், முந்தானையை இடுப்பில் செருகுங்கள், முடியைக் கட்டுங்கள், கண்ணாடி போடுங்கள்.

இப்போது வேலை. இணைக்கிற இரண்டு முனையையும் அரத்தால் ராவி ஒட்டவைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ராவுங்கள், பொடி இடைவெளியை அடைக்காது, இறுக்கத்தில்தான் ஓடும். கை எண்ணெய் படாமல் சுத்தம் செய்து, வெண்காரத்தை (போராக்ஸ்) தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்து, பால் பதத்தில் தூரிகையால் தடவுங்கள். பொடித் துண்டு எள் அளவு போதும். ஈஸி, மீடியம், ஹார்ட் என்று விற்கும் வெள்ளிப் பொடிகள் சுமார் 670 முதல் 780 டிகிரிக்குள் உருகி ஓடும், 92.5 சதவீத வெள்ளியோ 800 தாண்டியதும் இளக ஆரம்பித்து 893-ல் முழுக்க நீராகிவிடும். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் நம் பிழைப்பு.

தீயை உற்றுப் பாருங்கள். உள்ளே வெளிர்நீலத்தில் கூராக ஒரு கூம்பு, வெளியே மங்கிய நீலத்தில் இன்னொன்று. உள்கூம்பின் நுனியைத் தாண்டி கொஞ்சம் தள்ளித்தான் சூடு அதிகம். கூம்பையே பொருள்மேல் இடித்துப் பிடிப்பவர்கள்தான் 'டார்ச் சரியில்லை' என்று புலம்புவார்கள். முதலில் தூரத்தில் வைத்து, மெட்டியைச் சுற்றிச் சுற்றி வாருங்கள். வெண்காரம் வெள்ளையாகப் பொங்கும், பொடியைத் தள்ளிவிடக்கூடப் பார்க்கும், அவசரப்படாமல் ஊசியால் திரும்ப இடத்தில் வையுங்கள். பொங்கியது அடங்கி, கண்ணாடி மாதிரி தெளிந்து பரவினால் பாதி வந்துவிட்டது. அப்போது இன்னும் கிட்டே வந்து, இணைப்பின் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி முழு வளையத்தையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மங்கிய சிவப்பு எட்டிப்பார்க்கும். அந்த நேரம் தீயை இணைப்பின் மேல் கொண்டுபோனால், பொடி சட்டென்று குனிந்து, ஒரு வெள்ளிக் கோடு பளிச்சென்று இடுக்குக்குள் ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நொடி என்று நின்றால், என் மெட்டி மாதிரி மணிதான். மினுமினுவென்று பொருளின் மேல்தோல் பாதரசம் போலத் தெரிய ஆரம்பித்தாலே அபாயம்.

சூடு ஒரு பக்கம் அதிகமானால் பொடி அந்தப் பக்கம் ஏறி ஒட்டிக்கொள்ளும். பொடி எப்போதும் சூட்டைத் தேடித்தான் போகும்.

ஆறியதும் கருத்திருக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து அதில் போட்டால் வெளுக்கும். இரும்புக் கட்டுக்கம்பியோடு போடாதீர்கள், செம்பு நிறம் ஏறிவிடும். இரும்பு இடுக்கியும் வேண்டாம், மூங்கில் குச்சி போதும்.

சுடவே கூடாதவை சில. கேடிஎம் பொடியில் காட்மியம் இருக்கிறது, அதன் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம், மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே காற்று அடைத்த நகைக் குண்டுக்கு ஒரு துளை போடாமல் சூடு காட்டினால் வெடிக்கும். கவரிங் நகையைச் சுட்டால் பூச்சு போய்விடும், அடியில் பித்தளையாக இருந்தால் துத்தநாகப் புகை வேறு. அரிக்கமேட்டு மணி பாணியில் கண்ணாடி மணி கோத்துச் செய்கிறவர்கள், எல்லாப் பற்றவைப்பும் முடிந்த பிறகுதான் மணியைத் தொட வேண்டும், சூடு பட்டால் நடுவே விரிசல் விட்டுவிடும்.

வெள்ளியில் நேரடியாக இறங்காதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் மிச்சமான செம்புக் கம்பியை வாங்கி, பிளாஸ்டிக் உறையை வெட்டி உரித்துவிட்டு, பத்து வளையம் சுற்றிப் பற்றவையுங்கள். செம்பு 1085 டிகிரி வரை தாங்கும், தப்பு செய்தாலும் மன்னிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக எரித்தால் டார்ச் டேங்க் குளிர்ந்து தீ வாடும், பழுது என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். தடி வளையல், கெட்டிக் காப்பு மாதிரி எதையும் இந்த டார்ச்சால் முழுக்கச் சிவக்க வைக்க முடியாது. அதை நான் இன்றும் பத்தர் தாத்தா பட்டறைக்குத்தான் எடுத்துப் போகிறேன். உருகிய மெட்டியில் அவரே ஒரு வளையம் வைத்துக் கொடுத்தார், சாவிக்கொத்தில் தொங்குகிறது.