இணுவில் பக்கம் பட்டறை பார்க்கப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

சென்ற ஆவணியில் கனடாவிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட தங்கை, கணவரும் பிள்ளைகளுமாக ஒரே நாளில் யாழ்ப்பாணத்து இணுவில் பக்கம் ஏழு கைவினைஞர் வீடுகளுக்குப் போய்வந்தாள். தவில் கட்டுகிறவர் வீடு, கோயில் வாகனம் செதுக்குகிற ஆசாரியார் வீடு, பனையோலையில் பெட்டி இழைக்கும் பன்னவேலை செய்கிற இரண்டு அம்மாமாரின் வீடுகள், ஓர் ஓவியரின் வீடு உட்பட நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்றையும் விடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மூத்த பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் எங்களுக்குக் கதிரை போட்டுத் தேநீர் தந்தார்கள், மாமா. யாரும் வேலை செய்வதை நாங்கள் பார்க்கவில்லை" என்றாள்.

அந்தப் பிள்ளை சொன்னதில் என் பிழையும் இருந்தது. முகவரிகளைக் கொடுத்த நான், எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பட்டறை என்பது பெரும்பாலும் வீட்டு விறாந்தை, அல்லது வளவின் மூலையில் உள்ள கொட்டில். படலை திறக்கும் சத்தம் கேட்டதும் உளி கீழே போகும், ஓலை ஒதுக்கி வைக்கப்படும், அடுப்பில் தண்ணீர் ஏறும். வந்தவரை நிற்க வைத்துவிட்டு வேலை செய்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே முதல் அரைமணி நேரம் நீங்கள் பார்ப்பது உபசாரத்தைத்தான். வேலை அதற்குப் பிறகுதான் மறுபடி தொடங்கும். அரைமணியில் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போகிறவர் நாள் முழுவதும் சுற்றினாலும் வேலையைக் காணமாட்டார். நான் கண்ட தவறுகளில் பெரியது இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இணுவில் யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர். சின்னத்தம்பிப் புலவர் பிறந்த ஊர். பரராசசேகரப் பிள்ளையார் கோயிலும் சிவகாமியம்மன் கோயிலும் கந்தசுவாமி கோயிலும் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தை, சாமியை ஏற்றி இழுக்கும் அந்தச் சிற்ப மரத்தேரை, முதலில் பார்த்துவிட்டு ஆசாரியார் வீட்டுக்குப் போனால் நல்லது. அங்கே தரையில் கிடக்கும் ஒரு மரத்துண்டு எதுவாக ஆகப்போகிறது என்று கண்ணுக்குப் புரியும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன அளவெட்டி இன்னும் வடக்கே, மல்லாகத்துக்கு மேற்கே இருக்கிறது. இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடக்க முயல வேண்டாம்.

கைத்தொலைபேசியின் வரைபடத்தை மட்டும் நம்பி வருவதும் நேரத்தைத் தின்னும். ஒழுங்கைகள் வளைந்து வளைந்து போய் யாரோ ஒருவருடைய கிணற்றடியில் முடியும். பெயர்ப்பலகை போட்ட பட்டறைகள் குறைவு. சந்தியில் இருக்கும் கடையில் சைக்கிளை நிறுத்தி "ஐயா, தவில் கட்டுகிறவர் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் வழி மட்டும் கிடைக்காது; அவர் இன்று வீட்டில் நிற்கிறாரா, நேற்றிரவு எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனார் என்பதும் தெரிந்துவிடும். முதல் நாளே தொலைபேசியில் பேச முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது "எத்தனை மணிக்கு வரலாம்?" என்று கேட்காதீர்கள். "எப்போதும் வரலாம்" என்றுதான் பதில் வரும். "நாளைக்கு எந்த நேரம் வேலையில் இருப்பீர்கள்? ஓரமாக இருந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேலையை நிறுத்த வேண்டியதில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே அவருக்கு விளங்கிவிடும்.

காலம் பார்க்காமல் வருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடுமுறை கிடைக்கும் மாதம் ஒன்று, வேலை நடக்கும் மாதம் இன்னொன்று.

பன்னவேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பனையின் குருத்தோலையை வெட்டி, வெயிலில் காய வைத்து, ஈர்க்கு நீக்கி, சத்தகம் என்ற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்து எடுக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் சாயம் கரைத்த கொதிநீரில் போட்டு எடுத்து மறுபடியும் காய வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இழைத்தல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் வந்தால் முன்பே காய வைத்த ஓலையில் நடக்கும் சிறு வேலைகளைத்தான் பார்க்கலாம். கடும் வெயில் நாட்களிலும் நடுப்பகலில் போகக் கூடாது. காய்ந்து முறுகிய ஓலை மடிக்கும்போது உடையும். காற்றில் ஈரம் இருக்கும் விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் ஓலை கைக்கு இணங்கும். என் அம்மம்மா காலைத் தேநீருக்கு முன்பே ஒரு பெட்டியின் அடியை இழைத்து முடித்துவிடுவார். பத்து மணிக்கு வரும் விருந்தினருக்கு அவர் பெட்டி இழைப்பவர் என்பதே தெரிந்திருக்காது.

தவில் கட்டுகிறவர்களுக்கும் மழை பகை. ஈரக் காற்றில் தோல் தளரும், புதிதாக இழுத்த தோல் காயாது. வெயில் மாதங்களில் வேலை நன்றாக நடக்கும். ஆனால் சித்திரை தொடங்கி ஆவணி வரை குடாநாட்டில் ஏதோ ஒரு கோயிலில் கொடி ஏறிக்கொண்டே இருக்கும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசையோடு நிறைவுற, சில நாட்களில் நல்லூர்க் கொடியேற்றம் வந்து இருபத்தைந்து நாள் நடக்கும். வாசிக்கிறவர் இரவு முழுவதும் வாசித்துவிட்டு விடியற்காலையில் வந்து படுத்திருப்பார். காலை எட்டு மணிக்கு அவர் படலையில் நின்று கூப்பிடுவது பெரிய தவறு. கட்டுகிறவர் வீட்டிலோ அதே நாட்களில்தான் அவசரப் பழுதுகள் வந்து குவியும். வாகனமும் தேரும் செய்கிற ஆசாரியார்களும் கொடியேற்றத்துக்கு முந்திய வாரங்களில் தலை நிமிரமாட்டார்கள். அந்த நேரத்தில் போகலாம். ஆனால் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் போக வேண்டும். என்னைக் கேட்டால் மாசி, பங்குனி என்பேன். மழை ஓய்ந்து ஓலை காயும், தோல் இறுகும், திருவிழா நெருக்கடி இன்னும் தொடங்கியிராது.

உள்ளே போனபின் செய்யும் தவறுகள் வேறு. செருப்பை வாசலில் கழற்றுவது எல்லாருக்கும் தெரியும். காரணம் பட்டறைக்குப் பட்டறை மாறும் என்பது பலருக்குத் தெரியாது. நகரில் கன்னாதிட்டிப் பக்கம் பொன்வேலைப் பட்டறைக்குப் போனால் அங்கே தரைத் தூசியும் சொத்து. அராவும்போது விழும் பொன்துகளைக் கூட்டி எடுத்துச் சேர்ப்பார்கள். செருப்போடு மிதித்தால் அது உங்கள் அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே போகும். புழுக்கமாக இருக்கிறதென்று மின்விசிறியைப் போடச் சொல்வதும் அங்கே கூடாது. தவில் இருக்கும் வீட்டில் செருப்பைக் கழற்றுவது வேறு காரணத்துக்காக. வாத்தியம் அங்கே சாமி. அதைத் தாண்டிப் போகக் கூடாது, காலை நீட்டிக்கொண்டு அதற்கு முன் இருக்கக் கூடாது, கேட்காமல் தட்டிப் பார்க்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு இதைப் படலைக்கு வெளியிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே வைத்து அதட்டினால் வீட்டுக்காரர் "பரவாயில்லை, சின்னப் பிள்ளைதானே" என்று சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வரும்.

"ஒருக்கால் வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்பதை அன்பான வேண்டுகோள் என்று பலர் நினைக்கிறார்கள். தவில் வாசிக்க வலது கை விரல்களில் கூடு என்ற விரலுறை மாட்ட வேண்டும், தோலை இறுக்கிச் சுருதி பார்க்க வேண்டும், இடது கைக்குக் கழி வேண்டும். சும்மா இருந்த வாத்தியத்தில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுவது அந்த வித்தைக்கு அழகில்லை. தவில் வித்துவான் தட்சணாமூர்த்தி (1933–1975) இந்த மண்ணிலிருந்து போய்த் தமிழ்நாட்டு வித்துவான்களையே வியக்க வைத்தவர். அந்த மரபில் வந்தவர்களின் வாசிப்பைக் கேட்க ஆசைப்பட்டால் அவர்கள் வாசிக்கும் கோயிலுக்கு இரவில் போங்கள். வீட்டில் கேட்க வேண்டியது வேறு. பலாமரத்தைக் குடைந்த உடலில் வலது கைப் பக்கமான வலந்தலைக்கு ஏன் ஒரு விதமான தோல், இடது கைப் பக்கமான தொப்பிக்கு ஏன் இன்னொரு விதம்? தோல் வாருக்குப் பதிலாக இரும்புப் பட்டையும் போல்ட்டும் வந்தபின் நாதத்தில் என்ன மாறியது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அவர் கை தானாகவே வாத்தியத்தின் மேல் போகும்.

படம் எடுப்பதில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். சாமி விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு. அதற்கு முன் படம் எடுப்பதைச் சிலர் விரும்பமாட்டார்கள். பன்னவேலை செய்யும் பெண்கள் வீட்டு உடுப்பில் இருக்கும்போது கமராவை நீட்டுவது அவர்களைக் கூச வைக்கும். கையை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பார்க்க வேண்டியதும் கைதான்.

இரண்டு கேள்விகள் கேட்கவே கூடாதவை. ஒன்று, சுற்றி வளைத்தாவது "நீங்கள் எந்த ஆட்கள்?" என்று அறிய முயல்வது. இந்தத் தொழில்கள் பலவும் சாதியோடு கட்டப்பட்டிருந்தவை. அந்தக் கட்டினால் வாசல்படி ஏற முடியாமல் இருந்தவர்களின் பிள்ளைகளே இன்று உங்களுக்குக் கதிரை போடுகிறார்கள். புலம்பெயர்ந்து முப்பது வருடமானவர்களும் இந்தக் கேள்வியை இன்னும் கேட்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான துயரம். மற்றது, "பழைய சாமான் ஒன்றும் இல்லையா? தாத்தா காலத்து உளி, பழைய வடிவப் புத்தகம்?" என்று வற்புறுத்துவது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி, இந்த ஊர்கள் அடங்கிய வலிகாமம் முழுவதும் எழுந்து கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தது. கையில் எடுத்துப் போக முடிந்தவை பிள்ளைகளும் கொஞ்சம் உடுப்பும். திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையும் இருக்கவில்லை. இல்லை என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவராகச் சொல்ல விரும்பினால் கேளுங்கள்.

ஓவியம் பார்க்க விரும்புகிறவர்கள் மருதனார்மடத்தைத் தவற விடுகிறார்கள். இணுவிலுக்கு அடுத்த சந்திதான். 1960இல் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் அங்கே வளர்ந்தது. கல்வி நிறுவனம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், பரீட்சைக் காலத்தில் கேட்கவும் கூடாது. ஓவியரின் வீட்டுக்குப் போனால் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருக்கும் படத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள். முடியாத படமாக இருக்கும்.

பேரம் பற்றி நான் கடுமையாகத்தான் பேசுவேன். மேலே சொன்ன ஓலை வேலை எத்தனை நாளைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடகம் என்ற பெரிய ஓலைப்பெட்டி என்றால் இரட்டையாக இழைத்து, விளிம்பை நாரால் பொத்தி முடிக்க வேண்டும். நார் இழுத்து இழுத்து விரல் நுனி வெடித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லாதீர்கள். வாங்காவிட்டாலும் அரைநாள் இருந்து பார்த்த இடத்தில் வெறுங்கையோடு எழுந்து வருவதும் சரியில்லை. பணத்தை நீட்டினால் வாங்கமாட்டார்கள். போகும்போதே ஒரு சீப்பு வாழைப்பழம், பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில், சீனி, தேயிலை என்று கொண்டு போனால் யார் மனமும் நோகாது. பெரிதாக ஒன்றைச் செய்து தரச் சொன்னால் முற்பணம் கொடுங்கள். மரமும் தோலும் அவர் கைக்காசில் வாங்கப்படுகின்றன. சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போனவர்களின் பொருள்கள் தூசி படிந்து மூலையில் கிடப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

வாங்குவதிலும் ஒரு தவறு உண்டு. நிறம் அழகாக இருக்கிறதென்று சாயமிட்ட பெட்டியைச் சாப்பாட்டுக்கு எடுப்பார்கள். சமையலுக்கு வேண்டியதைச் சாயமில்லாத ஓலையில் கேட்டு வாங்குங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஓலைப் பொருளையும் மரத்தையும் தோல் வாத்தியத்தையும் விமான நிலையத்தில் அறிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் பொருளும் போகும், தண்டமும் வரும். என் தங்கையின் மூத்த பிள்ளை மறுநாள் விடியற்காலை என்னோடு தனியாக வந்தாள். அம்மா ஒருவர் பிட்டு அவிக்கும் ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி இழைப்பதை அடியிலிருந்து நுனிவரை பார்த்து, அதையே வாங்கிக்கொண்டாள். முதன்முதலில் பிட்டு அவிக்கும் முன் அதைத் தண்ணீரில் ஊற வைத்து, வெறும் பெட்டியாக ஒருமுறை ஆவியில் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுவி வெயிலில் காய வைத்துத் தொங்கவிட வேண்டும். வெயில் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று அவள் அந்த அம்மாவைக் கேட்டாள். அடுப்புக்கு மேலே கட்டிவிடு பிள்ளை என்றார் அவர்.