ஜார்ஜ் ராஞ்சுக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ரிச்மண்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜார்ஜ் ராஞ்ச் என்ற பழைய மாட்டுப் பண்ணை, இன்று வரலாற்றுப் பூங்கா. 1820களில் டெக்சஸில் குடியேறிய ஹென்றி, நான்சி ஜோன்ஸ் தம்பதியின் குடும்ப நிலம். 1830கள், 1860கள், 1890கள், 1930கள் என்று நான்கு காலத்து வாழ்க்கையை, அந்தந்தக் கால உடையணிந்தவர்கள் வேலை செய்தபடியே விளக்குகிறார்கள். சுகர்லேண்ட் தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் பக்கம்.

பலரும் நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். இடம் 480 ஏக்கருக்கு மேல். ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டு காலம் போதும். விறகடுப்பில் சமைப்பவரின் பக்கத்தில் அது பத்து நிமிஷம் நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அப்புறம், குழந்தை கேட்க வேண்டியதை நாமே கேட்டுவிடுவதும் வேண்டாம். "ராத்திரி வெளிச்சத்துக்கு என்ன பண்ணுவீங்க?" மாதிரி ஒரு கேள்வியை வீட்டிலேயே யோசித்து வைக்கச் சொல்லுங்கள்.

மாடுகளை மருந்துத் தொட்டியில் இறக்கி ஏற்றும் செய்முறையைத் தவற விடாதீர்கள். உள்ளே போனதும் முதலில் அதன் நேரத்தைக் கேளுங்கள். காரணம் சொல்லாமல் காட்டினால் மாடு நீச்சலடிக்கிறது என்றே குழந்தை நினைக்கும். ஒரு காலத்தில் 'டெக்சஸ் காய்ச்சல்' மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதைப் பரப்புவது மாட்டு உண்ணிதான் என்று தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1893-இல் நிரூபித்தார்கள். உண்ணியை ஒழிக்கத்தான் இந்த முக்குளிப்பு. மாட்டிலிருந்து உண்ணி பிடுங்கிய தாத்தா, பாட்டி கூட வந்திருந்தால் அவர்களையே சொல்லவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் மதியம் போகாதீர்கள். செருப்பும் வேண்டாம், ஷூ போடுங்கள். புல்லில் நெருப்பெறும்பு உண்டு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நிலத்துக்காரக் குடும்பத்தின் மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுவது. டெக்சஸில் அடிமைகளுக்கு விடுதலை என்ற அறிவிப்பு கால்வெஸ்டனில் வந்தது 1865 ஜூன் 19-இல். அதுவரை இந்தப் பண்ணை வேலையில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது. விடுதலைக்குப் பிறகும் பலர் அடுத்தவர் நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்டே பிழைத்தார்கள். அப்படி ஒரு குடும்பத்தின் குடிசையும் இங்கே இருக்கிறது. மாளிகையைப் பார்த்த கையோடு அங்கே போங்கள். "இவங்க வீடு மட்டும் ஏன் இவ்ளோ சின்னது?" என்று குழந்தை கேட்கும். உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.