அம்பெய்தல் இலக்கை வீட்டிலேயே அச்சிடலாம்

சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் பட்டணத்தில் வில்வித்தைச் சாமான் கடை தேடி அலைய வேண்டாம், ஏ4 தாளே போதும். 18 மீட்டர் உள்ளரங்கப் போட்டிக்கான 40 செ.மீ. இலக்கில் 10 முதல் 6 வரையுள்ள வளையங்கள் மட்டும் 20 செ.மீ. அகலம், தாளில் அப்படியே அடங்கும். பிரிண்டரில் 'தாளுக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 விழுக்காடு வையுங்கள், இல்லாவிட்டால் வட்டம் சுருங்கிவிடும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்: நடுவிலுள்ள 10 வளையம் சரியாக 4 செ.மீ. இருக்க வேண்டும். வெறும் தாள் சீக்கிரம் கிழியும், அப்புறம் நம் ஊர் ஈரத்துக்கு இங்க்ஜெட் மையும் கலங்கும், அதனால் லேசர் அச்சு எடுத்து, மைலோ பெட்டி அட்டையில் மாவுப் பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். அட்டை அம்பை நிறுத்தாது, பின்னால் கெட்டியான தடுப்பு கட்டாயம். குலை வெட்டுபவர்கள் நடமாடும் செம்பனைப் பக்கம் பார்த்து வைக்கவே வைக்காதீர்கள்.